ஓம வாட்டரும் ஓம எண்ணெயும்

என்னிடம் வேலை பழகிக்கொண்டு, இன்று ஒரு பெரிய பரிசோதனைக்கூடத்தையே கட்டி மேய்க்கும் பெண் ஒருத்தி போன மாதம் போனில் கூப்பிட்டாள். மருந்துக்கு அடங்காத ஈஸ்ட் கிருமிகளைச் செடிகொடிகளின் எண்ணெயால் அடக்க முடியுமா என்று இப்போது பல இடங்களில் பார்க்கிறார்களாம். "மேடம், நீங்களும் உங்க டாக்டரம்மாவும் எண்பதுகள்லயே இதைச் செஞ்சு பாத்தீங்களாமே! எங்க ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. எங்களுக்கும் பெருமையா இருக்கும்" என்றாள்.

பெருமை என்று அவள் சொல்லிவிட்டாள். அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பயம். இரண்டாவதாக வருவதும் பயம்தான். சரி, அதையே எழுதுகிறேன். மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் எனக்கென்ன நஷ்டம்.

நான் பிறந்ததிலிருந்தே பயந்தாங்கொள்ளி. இடிக்குப் பயம், பல்லிக்குப் பயம், மேலதிகாரி இருமினால்கூடப் பயம். இப்படிப்பட்டவளை எழுபதுகளின் நடுவில் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியனாகப் போட்டார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்லைடு கழுவினேன், கிருமி வளர்க்க அகார் காய்ச்சினேன், பாத்திரங்களை ஆவியில் அவிக்கும் ஆட்டோகிளேவ் சீறினால் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். கடைசியில் யாரும் விரும்பிப் போகாத ஃபங்கஸ் ரூமுக்கு என்னைத் தள்ளிவிட்டார்கள். அங்கே டாக்டர் விசாலாட்சி இருந்தார்.

டாக்டரம்மா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கத்துகிறவர்களை எப்படியாவது சமாளித்துவிடலாம். இவரைச் சமாளிக்க முடியாது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "மறுபடியும் பாரு" என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்காக மத்தியானச் சாப்பாட்டை மறந்து எத்தனையோ முறை ஓடியிருக்கிறேன். இன்னொரு வழக்கமும் அவரிடம் உண்டு. ரிசல்ட்டை எழுதிக்கொண்டுபோய் நீட்டினால் வாங்கமாட்டார். "நான்தான் அந்தக் குழந்தையோட அம்மா. எனக்குச் சொல்லு" என்பார். நாங்கள் அவர் மேஜைக்கு முன்னால் நின்று, "அம்மா, உங்க குழந்தை வாயில இந்தக் கிருமி இருக்கு. இந்த மருந்துக்குச் சாகும், இந்த மருந்துக்குச் சாகாது" என்று இங்கிலீஷ் கலக்காமல் சொல்லவேண்டும். நாக்கு தடுமாறினால் கையெழுத்து கிடைக்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை வேளையில் குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு தம்பதியை எங்களிடம் அனுப்பினார்கள். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் மணல்திட்டில் இருக்கும் ஒரு குப்பத்துக்காரர்கள். அவர் பெயர் கன்னியப்பன், மீன் பிடிக்கிறவர். மனைவி தேசம்மா. அவள் மடியில் அப்போதுதான் தலை நின்ற ஒரு பெண் குழந்தை, செல்வி.

"அக்கரம்மா, வாய் பூரா அக்கரம்" என்றார் கன்னியப்பன். "மொதல்ல வயித்தால போச்சு. அதுக்கு மருந்து குடுத்தாங்க, நின்னுச்சு. அப்பால இது வந்து ஒட்டிக்கிச்சு. ஊதா மருந்து தடவனோம், சொட்டு மருந்து வுட்டோம், ஒண்ணுத்துக்கும் கேக்கல. பாலக் கண்டா மூஞ்சத் திருப்பிக்குது."

குழந்தைகளின் வாயில் மாவு பூத்தமாதிரி வெள்ளையாகப் படிவதை நம் ஊரில் அக்கரம் என்பார்கள். கேண்டிடா என்ற ஈஸ்ட்தான் காரணம். பொதுவாகச் சில நாள் மருந்தில் ஓடிப்போகும் சமாச்சாரம். ஆனால் செல்வியின் நாக்கு, அண்ணம், கன்னத்தின் உட்புறம் எல்லாம் பால் திரிந்தாற்போல் இருந்தது. பஞ்சுக்குச்சியால் ஓரிடத்தில் வருடியதும் கீழே ரத்தம் கசிந்தது. அழவேண்டிய குழந்தை அழவில்லை. வாயை மட்டும் திறந்தது, சத்தம் வரவில்லை.

தட்டில் தடவி வளர்த்தேன். மறுநாள் வெண்ணெய் நிறத்தில் சொட்டுச் சொட்டாக முளைத்திருந்தது. ஒரு துளியை மனித ரத்தச் சீரத்தில் கலந்து உடம்புச் சூட்டில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். உருண்டை உருண்டையாக இருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வால் முளைத்திருந்தது. வால் முளைத்தால் அது கேண்டிடாவிலேயே பொல்லாத வகை. பிறகு அதைத் தட்டு முழுக்கப் பரப்பி, நடுவில் நிஸ்டாடின் மருந்து ஊறிய காகித வில்லையை வைத்தேன். வார்டில் அந்தக் குழந்தைக்குக் கொடுத்த சொட்டு மருந்து அதுதான். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வட்டமாக வெறும் இடம் தெரியும். தெரியவில்லை. கிருமி வில்லையின் விளிம்புவரை வந்து, அதன்மேல் ஏறவும் பார்த்தது.

"மறுபடியும் பாரு."

பார்த்தேன். புது வில்லை, புதுத் தட்டு. அதே கதை. அப்படிப்பட்ட கிருமியை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மேஜைக்கு முன்னால் நின்று, "அம்மா, உங்க குழந்தை வாயில இருக்கற கிருமி நாங்க குடுத்த மருந்துக்குச் சாகல" என்று சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தொண்டைக்குள்ள எறங்கி, அப்புறம் ரத்தத்துல கலந்துட்டா நம்மகிட்ட ஒண்ணும் இல்ல" என்றார். அதற்கென்று ஓர் ஊசி இருந்தது. கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் இவ்வளவு மெலிந்த குழந்தையின் சிறுநீரகம் அதைத் தாங்குமா என்பது சந்தேகம்.

அன்று மாலையே அட்டெண்டர் முனுசாமியைக் கூப்பிட்டு, பாரிமுனைப் பக்கம் பல்பொடி, சோப்பு செய்கிறவர்களுக்குச் சரக்கு விற்கும் கடைக்கு அனுப்பினார். முனுசாமி நல்ல மனுஷன். யார் எது கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாது. லவங்க எண்ணெய், நீலகிரித் தைலம், எலுமிச்சைப்புல் எண்ணெய், ஓம எண்ணெய் என்று குட்டிக் குட்டிப் பாட்டில்களோடு வந்தார். ஆபீஸில் காகிதத்துக்கு ஓட்டை போடும் கருவியை வாங்கி வடிதாளில் வில்லைகள் வெட்டினேன். ஒவ்வொன்றையும் ஓர் எண்ணெயில் நனைத்து, அந்தக் கிருமி பரப்பிய தட்டுகளில் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றாக உடம்புச் சூட்டில் வைக்கும் இன்குபேட்டரில் அடுக்கினேன்.

மறுநாள் கதவைத் திறந்தபோது ஓம வாசனை மூக்கை அடைத்தது. எந்தத் தட்டிலும் கிருமி இல்லை. எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. நான் துள்ளிக் குதிக்காத குறை. டாக்டரம்மா ஒரே ஒரு தட்டைத் தனியாக எடுத்து என் பக்கம் தள்ளினார். அதில் நான் எந்த எண்ணெயும் வைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறுமனே விட்ட தட்டு. அதிலும் ஒன்றும் முளைக்கவில்லை.

"மறுபடியும் பாரு. ஒவ்வொண்ணையும் தனித் தனி டப்பாவுல போட்டு மூடு."

அப்படிச் செய்தபோது விஷயம் விளங்கியது. வெறும் தட்டில் கிருமி செழிப்பாக முளைத்தது. நீலகிரித் தைலம் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. எலுமிச்சைப்புல்லும் லவங்கமும் நல்ல வட்டம் போட்டன. ஓம எண்ணெய் வைத்த தட்டு மட்டும் பளிச்சென்று காலியாக இருந்தது. முதல் நாள் அதன் ஆவிதான் இன்குபேட்டர் முழுக்கப் பரவி, பக்கத்துத் தட்டுகளையும் கொன்றிருக்கிறது. தொடாமலே கொன்றிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் கன்னியப்பன் மனைவியையும் குழந்தையையும் குப்பத்திலேயே விட்டுவிட்டு, ரிசல்ட் கேட்டுத் தனியாக வந்தார். டாக்டரம்மா எதையும் மறைக்கமாட்டார். நிஸ்டாடின் தட்டையும் ஓமத் தட்டையும் அவர் முன்னால் வைத்து, எது கிருமி, எது மருந்து, எந்த மருந்து தோற்றது என்று காட்டினார். கன்னியப்பனின் கண் காலியான தட்டை விட்டு நகரவில்லை.

"இது இன்னாம்மா? இதுல ஒண்ணுமே இல்லியே?"

"ஓம எண்ணெய் வச்ச தட்டு."

"ஓமமா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, ஓமம்னா எங்க வூட்லயே கீதே! கொயந்தை வயிறு உப்புனா அதானே ஊத்தறோம். அதையே குடுத்துடலாமேம்மா!"

"அது ஓம வாட்டர். தண்ணியில கொஞ்சமா கலந்தது. இது சுத்தமான எண்ணெய், இதைக் குழந்தை வாயில வைக்கக் கூடாது. தட்டுல கிருமியைக் கொல்றது வாயையும் வேக வச்சிடும்" என்று டாக்டரம்மா சொன்னார். குழந்தையை உடனே கூட்டிவரச் சொன்னார். வேறு மருந்துக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும் சொன்னார். கன்னியப்பன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஒரு கேள்வியும் கேட்காமல் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை முனுசாமி தட்டுகளைக் கழுவிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்: "பாவம்மா அந்த மீன்காரரு. ஓம எண்ணெய் எந்தக் கடையில வாங்கினீங்கன்னு கேட்டாரு. கூடவே போயி கடையக் காட்டிட்டு வந்தேன். சந்தோசமா வாங்கிக்கினு பஸ் ஏறிட்டாரு."

டாக்டரம்மாவின் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "அவருக்கு எல்லா ஓமமும் ஒண்ணுதான்" என்றார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான்.

நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் ஓமம் என்றால் யாராவது பயப்படுவார்களா? பிறந்த குழந்தைக்கே கொடுப்பது. ஓம வாட்டரைப் பாலாடைச் சங்கில் ஊற்றி, குழந்தையின் தலையை நிமிர்த்தி, ஒரே மடக்கில் புகட்டுவது. அந்த அளவில்தானே இதையும் புகட்டுவார்கள்? கூடாது என்று டாக்டரம்மா சொன்னதைவிட, அந்தக் காலித் தட்டு கன்னியப்பனிடம் பலமாகப் பேசியிருக்கிறது. ஏற்கெனவே ரணமாகிக் கிடக்கும் அந்த வாய்க்குள் அந்த எண்ணெய் போனால் என்ன ஆகும்?

குப்பத்துக்குப் போன் கிடையாது. ஆஸ்பத்திரி வண்டி கேட்டு நிற்க நேரமில்லை. நானும் டாக்டரம்மாவும் பஸ் பிடித்தோம். பொன்னேரியில் இறங்கி அடுத்த பஸ். காட்டூர் பக்கம் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். ரோட்டை மறித்து மாடுகள் போயின. அந்த மாடுகளை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அப்போது ஏரிக்குக் குறுக்கே பாலம் இல்லை. பழவேற்காடு படகுத்துறையில் காசிம் பாய் என்ற பெரியவர் படகை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "கொண்டல் காத்து எதிர்க்க அடிக்குதும்மா, படகுப் பாய் எடுக்காது. கொஞ்சம் தணியட்டும், கொண்டாந்து வுட்றேன்" என்றார்.

"பாய், அங்க ஒரு குழந்தைக்குத் தப்பான மருந்து போயிருக்கு" என்றார் டாக்டரம்மா.

"யா அல்லா" என்று சொல்லிக் காசிம் பாய் கயிற்றை அவிழ்த்தார். பாயை விரிக்காமல் கழியை ஊன்றித் தள்ளினார். ஏரியில் தண்ணீர் இடுப்பளவுதான். கழி சேற்றில் புதைந்து புதைந்து வந்தது, படகு நகர்வதாகவே தெரியவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரென்றால் நடுக்கம். அன்று அந்தப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. இறங்கி நடந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

கரை நெருங்கியபோது ஒரு குடிசை முன்னால் கூட்டம் தெரிந்தது. பெண்கள் மார்பில் கைவைத்து நின்றார்கள். ஒரு கிழவி தலையில் அடித்துக்கொண்டாள். நான் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கை என் கையைவிடக் குளிர்ந்திருந்தது. போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நான் முடிவுகட்டிவிட்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனோம். குழந்தை தூளியில் கிடந்தது. டாக்டரம்மா குனிந்து அதன் வாயைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"குடுக்கல" என்றார் என்னிடம். "ஓம வாசனையே இல்ல."

தேசம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்தபடி, எச்சில் நூலாக வடிந்துகொண்டிருந்தது. உதடுகள் வீங்கி, நாக்கின் தோல் வெளுத்து உரிந்திருந்தது. பேச முடியவில்லை, கண்ணிலிருந்து நீர் மட்டும் கொட்டியது. காலடியில் பாலாடை கவிழ்ந்து கிடந்தது. கன்னியப்பன் அவள் பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க குப்பத்துல கொயந்தைக்கு எந்த மருந்து ஊத்துனாலும் ஆத்தாக்காரி மொத பாலாடைய குடிக்கணும்மா" என்றார் அழுதுகொண்டே. "பாதி மருந்து பாலு வழியா எறங்கட்டும்னு. காலைல இவ வாயில ஊத்திக்கினதும் அலறிக்கினு துப்பிட்டா. நாந்தாம்மா வாங்கியாந்தேன். நாந்தாம்மா ஊத்தச் சொன்னேன்."

அவரைத் திட்டுவதற்கு எனக்கு வாய்வரைக்கும் வந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன். அவர் பால் கேட்டு வாங்கி, தேசம்மாவைக் கொப்பளிக்க வைத்தார். மறுபடி மறுபடி கொப்பளிக்க வைத்தார். கிண்ணத்தைப் பிடித்திருந்த தேசம்மாவின் விரல்களில் அவர் கண் அப்போதுதான் பட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அந்தக் கைகள் குழந்தையைச் சுற்றிய துணிக்குள் இருந்தன. நகங்களைச் சுற்றிச் சதை சிவந்து உப்பி, ஓரங்களில் வெள்ளையாகச் சீழ் கட்டியிருந்தது. குனிந்து ஏரிச்சேற்றில் கையால் இறால் துழாவுகிற பெண்களுக்கு நாளெல்லாம் விரல் ஈரத்திலேயே கிடக்கும். அந்தக் கையால்தான் பாலாடையைப் பிடிக்கிறாள், மார்பைத் துடைக்கிறாள், குழந்தையின் வாயைத் துடைக்கிறாள்.

தாயையும் பிள்ளையையும் அன்றே படகில் ஏற்றிக்கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தேசம்மாவின் நகத்திலிருந்து எடுத்ததை வளர்த்துப் பார்த்தேன். அதே கிருமி. அதே மாதிரி வில்லையின் விளிம்புவரை வந்து நின்றது. குழந்தைக்கு நாங்கள் மருந்து போடப் போட, தாயின் விரல் திரும்பத் திரும்ப அதை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ஓம எண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் மிக மிகக் கொஞ்சமாகக் கலந்து, டாக்டரம்மா முதலில் தன் விரலில் தடவிப் பார்த்தார். பிறகு என் விரலைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. அதைத் தேசம்மாவின் நகங்களில் தடவி, அவள் கையில் தண்ணீரே படக்கூடாது என்று உத்தரவு போட்டார். குழந்தையைத் தூக்குவது, துடைப்பது எல்லாம் கன்னியப்பன் வேலையாயிற்று. செல்வியின் வாய்க்குப் பழைய ஊதா மருந்துதான். இந்த முறை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டது. ஒரு நாள் காலை வார்டில் நான் கேட்ட அந்தப் பசி அழுகையைப்போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

"இதை ஏன் எழுதி வெளியிடல?" என்று பின்னால் பலர் டாக்டரம்மாவைக் கேட்டார்கள். எண்ணெயால் நகம் ஆறியதா, கை காய்ந்து இருந்ததால் ஆறியதா, தனக்குத் தெரியாது என்பார். எனக்கும் தெரியாது. அதோடு, பேப்பரில் ஓமம் என்று ஒரு வரி வந்தால் எத்தனை கன்னியப்பன்கள் பஸ் ஏறுவார்கள் என்ற பயம் எங்கள் இருவருக்கும் இருந்தது. எனக்கு இன்னும் இருக்கிறது. இதைப் படிக்கிற பிள்ளைகள் தட்டில் தெரியும் வட்டத்தைக் கண்டு மயங்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டாக்டரம்மா ஓய்வு பெறும் சமயத்தில் கன்னியப்பன் வந்து, வீட்டுக்கு ஒருவாட்டி வந்தே ஆகவேண்டும் என்று அடம் பிடித்தார். இருவரும் போனோம். செல்வி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வாயாடி. எங்களைப் பார்த்த நிமிஷத்திலிருந்து வாய் ஓயவில்லை. தேசம்மா அடுப்பில் இறால் குழம்பு கொதிக்க வைத்திருந்தாள். விரல்கள் சுத்தமாக இருந்தன. நான் நகம் நகமாகப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

கரண்டியால் ஒரு சொட்டுக் குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டு, ஊதி ஆற்றினாள் தேசம்மா. நக்கிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். கையைச் செல்வியிடம் நீட்டினாள். அந்தப் பெண் பேச்சை நிறுத்தாமலே வந்து அம்மாவின் உள்ளங்கையை நக்கிவிட்டு, "உப்பு பத்தலம்மா" என்றாள்.

"ஏம்மா, நீயே பாக்கறதில்லையா?" என்று நான் கேட்டேன்.

"அன்னிக்குப் போன ருசி வரவே இல்லக்கா" என்று சிரித்தாள் தேசம்மா. "உப்பு, புளி, காரம் எதுவும் தெரியாது. சூடு மட்டும் தெரியும். இவ பேச ஆரம்பிச்சதுலேர்ந்து இவதான் பாத்துச் சொல்றா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். தேசம்மா உப்பைக் கிள்ளிப் போட்டுக் கிளறி, இன்னொரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நீட்டினாள். செல்வி சப்புக்கொட்டி, கொஞ்சம் யோசித்து, "ம், இப்ப சரியா கீது" என்றாள்.